அக்குவேறு ஆணிவேறாகக் கிடந்த ஃபார்முலா ஃபோர்டு: ஒரு விற்பனையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

விற்கவேண்டியிருந்தது 1970களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரு ஃபார்முலா ஃபோர்டு 1600 ஒற்றை இருக்கைக் கார். இந்தப் பந்தயப் பிரிவு 1967இல் பிரிட்டனில் தொடங்கியது. செலவு கைமீறக் கூடாது என்பதே அதன் விதிகளின் உயிர். எஃகுக் குழாய்ச் சட்டகம், ஃபோர்டு கென்ட் வகை 1599 சி.சி. என்ஜின், நான்கு முன்கியர், 13 அங்குல எஃகுச் சக்கரம், இறக்கை கிடையாது. என்ஜினும் கியர்பாக்ஸும் பல தயாரிப்பாளர்களுக்கும் பொது. சட்டகம், சஸ்பென்ஷன் கைகள், உடற்கூடு ஆகியவைதான் ஒரு காரை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுபவை; தொலைந்தால் கடையில் வாங்க முடியாதவையும் அவையே.

உரிமையாளர் 1990களின் நடுவில், சட்டகத்துக்கு வண்ணம் பூசுவதற்காகக் காரைக் கழற்றினார். அடுத்த பருவத்துக்குள் பூட்டிவிடும் எண்ணம் இருந்ததால் எதற்கும் சீட்டு கட்டவில்லை. வேலை நின்றது, 25 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கொட்டகையைக் காலி செய்யவேண்டிய நிலையில், முதுமையால் தளர்ந்திருந்த உரிமையாளருக்குப் பதிலாக உறவினர் ஒருவர் விற்பனையைப் பொறுப்பேற்றார். சாதாரணக் கார் வேலை அவருக்கு அத்துப்படி. பந்தயக் கார் புதிது.

முதல் முயற்சி ஏன் முறிந்தது

பொறுப்பாளர் முதலில் எழுதிய விளம்பரம் மூன்று வரி. “95 சதவீதம் முழுமை, பூட்டினால் ஓடும்” என்பது அதன் சாரம். கூடவே, பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையின் படங்கள் நான்கு.

வந்து பார்த்தவர் விவரம் தெரிந்தவர். என்ஜின் பிளாக்கைப் புரட்டிப் பார்த்து, ஐந்து மெயின் பேரிங் கேப்களில் (கிராங்க் ஷாஃப்டைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும் மூடிகள்) நான்குதான் இருக்கின்றன என்றார். கேப்களைப் பிளாக்கோடு சேர்த்து முடுக்கிய பிறகே பேரிங் துளையைக் கடைகிறார்கள். அதனால் ஒரு பிளாக்கின் கேப் இன்னொன்றில் சரியாக உட்காராது. ஒன்று தொலைந்தால் வேறு கேப் போட்டு ஐந்து துளைகளையும் ஒரே நேர்கோட்டில் திரும்பக் கடையவேண்டும். அடுத்து சேஸி எண்ணுக்கு, அதாவது சட்டக எண்ணுக்கு, ஆதாரம் கேட்டார். பதில் இல்லை. வாங்க வந்தவர் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார்.

சதவீதக் கணக்கு இந்த வேலையில் எதையும் சொல்வதில்லை. நட்டு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் எண்ணினால் 95 சதவீதம் இருக்கலாம். மீதி 5 சதவீதம் இரண்டு அப்ரைட்களும் (சக்கர அச்சைத் தாங்கும் நிமிர்ந்த பாகங்கள்) ஒரு கிராங்க் ஷாஃப்டுமாக இருந்தால் பாதிக் காருக்கான செலவு அதிலேயே போய்விடும்.

இதற்குப் பிறகுதான் பழைய பந்தயக் கார் வேலை தெரிந்த மெக்கானிக் ஒருவர் அழைக்கப்பட்டார். அவர் முதலில் நிறுத்தியது தூரிகையை. கார் அழகாகத் தெரியட்டும் என்று பொறுப்பாளர் சட்டகத்தின் பின்பகுதிக்குப் புது வண்ணம் பூசத் தொடங்கியிருந்தார். புது வண்ணம் இணைப்புகளில் உள்ள விரிசலை மறைக்கும். மறைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் மறைப்பதாகத் தோன்றவைக்கும். பூசியதைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் பிடித்தது.

பார்வையில் தெரிந்தவை

சட்டகம் ஒன்று, உடற்கூட்டுத் துண்டுகள் நான்கு, சக்கரங்கள் ஆறு, பெட்டிகள் 23. பெட்டிகளில் பாதிக்குமேல் கலப்படம்: பிரேக் காலிப்பரோடு வால்வு ஸ்பிரிங், அதன்மேல் ஒரு கண்ணாடி அடைப்பான்.

சட்டகத்தின் கீழ்ப்பக்கக் குழாய்கள் இரண்டும் என்ஜினிலிருந்து முன்னால் உள்ள ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வழியாகவும் அமைந்தவை. அக்காலக் கார்கள் சிலவற்றில் இந்த ஏற்பாடு உண்டு. ரப்பர்க் குழாய் மிச்சம். ஆனால் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே ஒன்றும் தெரியாது. மீயொலித் தடிமன் அளவியால் ஒரு சாண் இடைவெளியில் அளந்தபோது, 1.6 மி.மீ. இருக்கவேண்டிய குழாய்ச் சுவர் பெரும்பாலான இடங்களில் 1.4 காட்டியது. தண்ணீர் தேங்கும் முன்முனையில் மட்டும் 0.9. இணைப்புகள் பித்தளை நிற நிரப்பியால் பிரேசிங் செய்யப்பட்டவை; ஓரிடத்தில் மட்டும் பிற்கால மின்வெல்டிங் தடம் இருந்தது. பிரேசிங் நிரப்பி கலந்த இடத்தில் மின்வெல்டிங் வைத்தால் இணைப்பு விரிசல் விடும். ஆகவே அந்த இடம் தனியாகப் படமெடுக்கப்பட்டது.

முன் அப்ரைட்கள் டிரயம்ப் ஹெரால்டு வகை. அவற்றின் அடியில் திருகி ஏறும் வெண்கல டிரனியன்களுக்கு (அப்ரைட்டைக் கீழ்க் கையோடு இணைக்கும் மூட்டுகள்) இடம், வலம் என மரை வேறு. பெட்டியில் இருந்த இரண்டுமே ஒரே பக்கத்துக்கானவை. யாரோ உதிரிக்கு வைத்திருந்ததும் காரிலிருந்து கழற்றியதும் கலந்துவிட்டன போலும்.

என்ஜின் பிளாக்கின் வார்ப்புக் குறி 711எம். பந்தயக்காரர்கள் விரும்பும், சதுர மெயின் கேப்களைக் கொண்ட பிளாக். மூன்றாம், நான்காம் சிலிண்டர்களில் துருக் குழிகள். கிராங்கில் கனெக்டிங் ராடுகள் பிடிக்கும் இடங்களான பிக் எண்ட் ஜர்னல்கள் 1.9375 அங்குல மூல அளவிலிருந்து ஒரு முறை, 10 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு), கடையப்பட்டிருந்தன. இது குறையல்ல, இன்னும் கடைய இடம் உண்டு. கியர்பாக்ஸ் ஹியூலண்ட் எம்.கே. 9. ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கூட்டைத் தலைகீழாக்கிச் செய்த பரம்பரையில் வந்தது. சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பும் கடைசிப் பற்சக்கர ஜோடியான 9:31 கிரவுன் வீலும் பினியனும் ஒரே ஜோடி எண்ணோடு இருந்தன. கியர் ஜோடிகள் பத்து. நான்கு போதும் என்ற இடத்தில் பத்து இருந்தது மகிழ்ச்சியைவிடக் கேள்வியையே எழுப்பியது.

அடையாளமும் உரிமையும்

பந்தயக் காருக்குச் சாலைப் பதிவுப் புத்தகம் இருப்பதில்லை. அதன் அடையாளம் ஒரு சிறிய தகடு, சட்டகத்தில் அடித்த எண், பந்தயப் பதிவேடு, பழைய ரசீதுகள், படங்கள் ஆகியவற்றின் கூட்டு. தகட்டை நான்கு ரிவெட்டோடு கழற்றி வேறு சட்டகத்தில் அடித்துவிடலாம் என்பதால் அதை மட்டும் நம்பி யாரும் பணம் தருவதில்லை.

இங்கே தகடு இருந்தது, எண் தெளிவு. சட்டகத்தில் எண் இல்லை. உரிமையாளரிடம் பல அமர்வுகளில், பழைய படங்களைக் கையில் கொடுத்துக் கேட்டதில் காரணம் வெளிவந்தது. 1980களில் ஒரு மோதலுக்குப் பின் முன் பல்க்ஹெட்டும் (சட்டகத்தின் குறுக்குச் சட்டம்) அதை ஒட்டிய குழாய்களும் வெட்டப்பட்டுப் புதிதாகக் கட்டப்பட்டன. எண் அடித்திருந்த குழாய் வெட்டிய துண்டோடு போய்விட்டது. அந்தத் துண்டு கொட்டகைப் பரணிலேயே கிடந்தது. எண்ணும் இருந்தது, தகட்டோடு பொருந்தியது.

அதைத் தனியே விற்றால் கொஞ்சம் பணம் வரும் என்று ஒருவர் கேட்கவும் செய்தார். பொறுப்பாளர் மறுத்தார். எண்ணுள்ள துண்டைச் சுற்றிப் புதுச் சட்டகம் கட்டினால் ஒரே எண்ணில் இரண்டு கார் உருவாகிவிடும். பின்னால் வரும் இரு உரிமையாளர்களுக்கும் அது தீராத் தலைவலி. துண்டு காரோடு சேர்த்தே போகும் என்று முடிவாயிற்று. விவரிப்பில் “தகட்டில் உள்ள எண் இது, வெட்டிய துண்டில் உள்ள எண் இது, முன்பகுதி மாற்றப்பட்டது என்பது உரிமையாளர் கூற்று” என்று மூன்றும் தனித்தனியே எழுதப்பட்டன. கண்டதும் கேட்டதும் ஒரே வாக்கியத்தில் கலக்கவில்லை.

சர்வதேச மோட்டார் பந்தய அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் வரலாற்றுத் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் பற்றியும் விளம்பரத்தில் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. இணைப்பு கே விதிகளின்கீழ் அது காரின் அமைப்பு போட்டிக்குத் தகுதியானதா என்பதைக் காட்டும் ஆவணம். காரின் வரலாற்றுக்கோ அசல் தன்மைக்கோ உத்தரவாதம் அல்ல. பெட்டியில் கிடக்கும் காருக்கு “பாஸ்போர்ட் கிடைக்கும்” என்று வாக்களிப்பது விற்பவரின் கையில் இல்லாத ஒன்றை விற்பது.

பத்து கியர் ஜோடிகளுக்கும் விடை கிடைத்தது: ஆறு ஒரு நண்பருடையவை, ஒரு போட்டிக்காக இரவல் வாங்கியவை. பந்தயக் கூடாரங்களில் இரவல் சகஜம்; திருப்பித் தருவதை மறப்பதும் சகஜம். நண்பரின் குடும்பத்தைத் தேடிப்பிடித்து ஆறையும் ஒப்படைத்தார்கள். விற்ற பிறகு இது தெரிந்திருந்தால் விவகாரம் வேறு மாதிரி போயிருக்கும்.

மூன்று வழிகள், எடுத்த முடிவு

முதல் வழி, முழுதாகப் பூட்டி ஓடும் காராக விற்பது. பொறுப்பாளரிடம் பணமும் இல்லை, காலமும் இல்லை. அதோடு, வாங்குபவருக்கு நம்பிக்கையான என்ஜின் கட்டுநர் வேறொருவர் இருப்பார்; பிறர் கட்டிய என்ஜினைத் திரும்பத் திறந்துதான் பார்ப்பார்.

இரண்டாவது, உதிரியாகப் பிரித்து விற்பது. உண்மையைச் சொன்னால் கணக்குக்கு இதுதான் இலாபம். ஓடும் காரின் மதிப்பை 100 என்று வைத்தால், புனரமைப்புச் செலவாக மெக்கானிக் மதிப்பிட்டது 62. முழுத் திட்டமாக விற்றால் அதிகபட்சம் 38 என்பது அதிலிருந்து வரும் கணக்கு. கியர்பாக்ஸ், 711எம் பிளாக், கார்புரேட்டர், சக்கரங்கள், கருவிமானிகள் ஆகியவற்றைத் தனித்தனியே விற்றால் 45 வரை தேறும். ஆனால் அது பல மாத வேலை. கடைசியில் சட்டகமும் உடற்கூடும் கேட்பாரின்றி நிற்கும். காரும் காராக இருக்காது.

உரிமையாளரிடம் இரண்டு எண்களும் காட்டப்பட்டன. கார் சிதறக் கூடாது என்றார் அவர். ஆகவே மூன்றாவது வழி: ஒத்திகையாகப் பூட்டிப் பார்த்து, சக்கரத்தில் நிற்கும் சட்டகமாகவும் பட்டியலிட்ட பெட்டிகளாகவும் ஒரே ஆளுக்கு விற்பது.

கணக்கெடுப்பு

நான்கு வாரம் இதற்கே போயிற்று. வேலையின் முக்கால் பங்கு இதுதான்.

பட்டியலைப் பெட்டியிலிருந்து தொடங்கக் கூடாது, காரிலிருந்து தொடங்கவேண்டும். பெட்டியில் இருப்பதை எழுதினால் இருப்பது மட்டும்தான் வரும், இல்லாதது கண்ணில் படாது. எனவே மெக்கானிக் காரை முன் இடது, முன் வலது, ஸ்டியரிங்-பெடல், பின் இடது, பின் வலது, என்ஜின், எண்ணெய்-தண்ணீர், எரிபொருள், கியர்பாக்ஸ், மின்வேலை, உடற்கூடு எனப் பதினொரு பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்னென்ன வேண்டும், எத்தனை வேண்டும் என்று முதலில் வெறுந்தாளில் எழுதினார். பிறகுதான் பெட்டிகள் திறக்கப்பட்டன.

ஒவ்வொரு பொருளுக்கும் நான்கில் ஒரு குறி: பொருத்திப் பார்த்தது, இருந்தும் பொருத்திப் பார்க்காதது, மாதிரிக்கு மட்டும் உதவுவது, இல்லாதது. இவற்றோடு “இந்தக் காருடையதா தெரியாது” என்று ஐந்தாவது பெட்டி ஒன்றும் தேவைப்பட்டது. ஒரு ஸ்டியரிங் ராக், ஒரு காலிப்பர், பெயர் தெரியாத ஒரு பிராக்கெட் ஆகியவை அதில் சேர்ந்தன.

ரோஸ் ஜாயின்ட்கள் (சஸ்பென்ஷன் கைகளின் முனையில் வரும் பந்து மூட்டுகள்) இடமரை, வலமரை சேர்த்து 18 வேண்டும். இருந்தவை 13, அதில் 9 கையால் அசைத்தாலே ஆடின. எல்லாமே மாதிரிக்கு மட்டும் என்று குறிக்கப்பட்டன. பழைய போல்ட்களும் அப்படியே. சஸ்பென்ஷன் போல்ட் தன் மரையில்லாத தண்டின்மேல் சுமை தாங்கவேண்டும். மரைமேல் தாங்கினால் வெட்டுண்டு போகும். எந்த இடத்துக்கு எவ்வளவு தண்டு நீளம் என்பதைப் பழைய போல்ட்தான் சொல்லும். அதனால் குப்பையில் போடவில்லை, பூட்டவும் விடவில்லை. யு.என்.எஃப். (அங்குல அளவு நுண்மரை) மரை அளவையும் தண்டு நீளத்தையும் சீட்டில் எழுதிப் பகுதிவாரியாகக் கம்பியில் கோத்தார்கள்.

சீட்டுகள் முதல் வாரத்திலேயே ஒரு பாடம் தந்தன. அட்டையில் மார்க்கர் பேனாவால் எழுதியவை எண்ணெய் பட்டு அழிந்தன. பிறகு எண் அடித்த அலுமினியத் தகடுகள் கம்பியால் கட்டப்பட்டன.

கழுவியது மண்ணெண்ணெய்யில், தூரிகையால் மட்டும். மணல் வீச்சு கூடாது. வார்ப்புப் பாகங்களின் மேல்தோலைத் தட்டி விரிசலின் வாயை அது மூடிவிடும், பிறகு சாய ஊடுருவல் சோதனையில் விரிசல் தெரியாது. பிஸ்டன் இறுகியிருந்த இரண்டு சிலிண்டர்களிலும் ஊடுருவும் எண்ணெய் ஊற்றி வைத்ததோடு சரி. “சுழல்கிறது” என்று விளம்பரத்தில் எழுதும் ஆசையில் நெம்பியிருந்தால் வளையங்கள் முறிந்திருக்கும். கேம் ஷாஃப்டையும் தொடவில்லை. கென்ட் என்ஜினில் கேமின் அசைவை வால்வுக்குக் கடத்தும் டாப்பெட்கள் கீழிருந்து ஏறுபவை. என்ஜினைக் கவிழ்க்காமல் கேமை உருவினால் அவை உள்ளே விழும், கேமின் மேடுகளும் கீறும்.

பாதுகாப்புச் சாதனங்களில் தயக்கம் காட்டவில்லை. காலாவதியான இருக்கைப் பட்டை வெட்டப்பட்டது, யாரும் திரும்பக் கட்டிவிடாதபடி. எரிபொருள் பை மாதிரிக்கு மட்டும். எஃப்.ஐ.ஏ.வின் எஃப்.டி.3 தரப் பைகளுக்கே ஐந்தாண்டுதான் ஆயுள். இது அதைப்போல் பல மடங்கு கடந்தது. தீயணைப்புக் குப்பியில் ஓசோன் படலத்தைக் கெடுக்கும் ஹேலான் 1211 இருந்ததால் அது காரோடு போகவில்லை, முறைப்படி ஒப்படைக்கப்பட்டது.

ஒத்திகைப் பூட்டல்

இரண்டு நாள். தற்காலிக போல்ட்கள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு வண்ணம். “இதோடு ஓட்டாதே” என்பதற்கான அடையாளம். சட்டகத்தைச் சமதளத்தில் தாங்கிகள்மேல் வைத்து மூலைவிட்டங்களை அளந்தார்கள். வித்தியாசம் 3 மி.மீ.; மோதல் கண்ட சட்டகத்துக்கு இது மோசமில்லை. பிறகு சஸ்பென்ஷன், என்ஜின் பிளாக், காலி கியர்பாக்ஸ் கூடு, கடைசியில் உடற்கூடு.

பட்டியல் சொல்லாததைப் பூட்டல் சொன்னது. பின் வலது மேல் ரேடியஸ் ராடு (பின் அப்ரைட்டைச் சட்டகத்தோடு நீளவாக்கில் பிணைக்கும் தண்டு) இடதைவிட 20 மி.மீ. குட்டை, வேறு காருடையது. கியர் இணைப்புத் தண்டின் சிறிய யு.ஜே. (எப்பக்கமும் மடங்கும் மூட்டு) இல்லை. மறுபுறம், “இல்லாதது” என்று குறித்திருந்த ரேடியேட்டர் தாங்கி உண்மையில் மூக்குப் பகுதியின் உள்ளே ஃபைபர்கிளாஸோடு ஒட்டியே இருந்தது.

சக்கரத்தில் நின்ற காரை எட்டுத் திசையிலிருந்தும், பெட்டிகளை வெள்ளைத் துணியில் பரப்பி அளவுகோல் வைத்தும் 140 படங்கள் எடுக்கப்பட்டன. துருக் குழி விழுந்த சிலிண்டரும் 0.9 மி.மீ. குழாயும் முதல் பத்துப் படங்களுக்குள் வந்தன.

விற்பனை

ஓடும் கார் 100 என்ற அதே கணக்கில் கேட்ட விலை 36. விளம்பரத்தின் முதல் பத்தியிலேயே இல்லாதவை: நான்காம் எண் மெயின் கேப், ஒரு டிரனியன், சரியான ரேடியஸ் ராடு, கியர் இணைப்பு யு.ஜே., ரோஸ் ஜாயின்ட்கள் முழுவதும். முழுப் பட்டியல் கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பப்பட்டது. விசாரணைகள் முன்பைவிடக் குறைந்தன, வந்தவை உருப்படியானவை. கியர்பாக்ஸை மட்டும் கேட்டவர்கள் நால்வர். நால்வருக்கும் ஒரே பதில்.

வாங்கியவர் ஒரு முழு நாள் செலவிட்டுப் பட்டியலில் தான் தேர்ந்தெடுத்த நாற்பது பொருள்களைச் சரிபார்த்தார். மூன்றில் எண்ணிக்கை பிசகு. 31க்கு முடிந்தது. ஒப்பந்தத்தில் “புனரமைப்புக்கான பாகங்கள், ஓட்டுவதற்கு உரியதல்ல” என்ற வாசகம், அடையாளம் பற்றிய மூன்று கூற்றுகள், பட்டியலின் ஒவ்வொரு பக்கத்திலும் இருவர் கையொப்பம், பின்னால் கிடைக்கும் பாகங்கள் வாங்கியவருக்கே இலவசமாகச் சேரும் என்ற விதி ஆகியவை இடம்பெற்றன. முன்பணம் பார்வையிட்ட அன்று, மீதி ஏற்றுவதற்கு முன்.

பின் நடந்தவை

ஏற்றிச் சென்றதில் ஒரு சேதம். கிராங்க் ஷாஃப்டை வளையாதபடி நிமிர்த்தி மரப்பெட்டியில் கட்டியது சரிதான். அந்தப் பெட்டியைத் தரையோடு கட்டவில்லை. வழியில் சாய்ந்து, என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே வரும் கூடான பெல்ஹவுசிங்கின் ஒரு காதை உடைத்தது. பழுதுச் செலவைப் பொறுப்பாளர் ஏற்றார்.

இரண்டாவது கசப்பு இதைவிடப் பெரியது. விற்று ஐந்தாம் மாதம் கொட்டகை முழுதாகக் காலியானபோது, கடைசல் கருவிகள் வைத்த இழுப்பறையில் நான்காம் எண் மெயின் கேப் கிடைத்தது. அளவெடுக்க எடுத்துவைத்திருக்க வேண்டும். விதிப்படி உடனே அனுப்பினார்கள். போய்ச் சேர்வதற்குள் வாங்கியவர் வேறு கேப் பொருத்தி ஐந்து துளைகளையும் நேர்கோட்டில் கடையும் லைன் போரிங்கை முடித்துவிட்டார். கேப் இப்போது அவர் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

சட்டகத்தின் கீழ்க் குழாய் முன்முனையில் வெட்டி மாற்றப்பட்டது. வெட்டிப் பார்த்தபோது உள்ளே அளவி காட்டியதைவிட மோசமாக இருந்த இடமும் ஒன்று உண்டு. தண்ணீருக்குத் தனி அலுமினியக் குழாய் போட்டார்கள். இரண்டு சிலிண்டர்களுக்கு உறை இறக்கினார்கள். கார் பதினாறாம் மாதம் தானாக உருண்டது. பட்டியலைப் பற்றித் தகராறு எழவில்லை. தவறாகக் குறித்தவை மொத்தம் ஏழு என்று வாங்கியவர் கணக்கு சொன்னார்.

மறுமுறை மாற்றவேண்டியவை

விளம்பரத்துக்கு முன்பே கொட்டகை முழுவதையும், காரோடு தொடர்பில்லாதது போலத் தெரியும் இழுப்பறை, பரண், கருவிப்பெட்டி உட்பட, காலி செய்து பார்க்கவேண்டும். மெயின் கேப்பும் எண்ணுள்ள குழாயும் பெட்டிகளில் இல்லை என்பதை நினைத்தால் இது முதல் வேலை. இந்த வட்டாரத்தில் என்ஜின் வேலைக்கு அனுப்பிய பட்டறைகளிலும் விசாரிக்கலாம். பாகங்கள் அங்கேயே தங்கிவிடுவது உண்டு.

உரிமையாளரின் நினைவைப் பதிவுசெய்வது கணக்கெடுப்பின் நடுவில் அல்ல, தொடக்கத்திலேயே நடந்திருக்கவேண்டும். ஒவ்வொரு பாகமாகக் கையில் கொடுத்துக் கேட்டபோது வந்த பதில்கள், உட்கார்ந்து பொதுவாகக் கேட்டபோது வரவில்லை. அந்த இரண்டு ரேடியஸ் ராடுகளையும் அவர் கையில் கொடுத்திருந்தால் எது வேற்றுக் காருடையது என்று அன்றே சொல்லியிருப்பார் என்பது மெக்கானிக்கின் கருத்து.

தடிமன் அளவீடு ஒரு சாண் இடைவெளியில் போதவில்லை. தண்ணீர் ஓடிய குழாய்க்கு அடிப்பகுதியில் இரண்டு விரற்கடைக்கு ஓர் அளவு, இணைப்புகளின் அருகே அதைவிட நெருக்கமாக. கனமான பெட்டிகளை ஏற்றும்போது வாங்கியவரும் உடனிருந்து, கட்டிய விதத்தைப் படமெடுத்துக் கையொப்பமிட வேண்டும்.